எண்ணெய் ஏறும் வரை

எங்கள் வீட்டுக் கொட்டகையில் மோரிஸ் மைனர் கார் ஒன்று நிற்கிறது. 1959ஆம் ஆண்டில் செய்யப்பட்டது, 948 சி.சி. இயந்திரம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் முதன்முதலாக வெளிவந்த வகை அது. தோட்டத்துக் கிராணியாராக இருந்த என் தந்தையார் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். ஆயினும் தம் பிள்ளைகளுள் ஒன்றாகவே அதனைப் பேணி வந்தார்.

1998ஆம் ஆண்டில் அதன் இயந்திரத்தை நானே பிரித்துச் செப்பனிட்டேன். எல்லாம் பூட்டி முடித்த அன்று மாலை, தந்தையார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, எண்ணெய் மேலே ஏறிவிட்டதா?”

“ஏறியிருக்கும் அப்பா” என்றேன். பார்த்துச் சொல்லவில்லை, நினைத்துச் சொன்னேன். ஸ்டார்ட்டர் குமிழை இழுத்ததும் இயந்திரம் சீறி எழுந்தது. எண்ணெய் விளக்கு அணையவில்லை. அணைந்துவிடும், அணைந்துவிடும் என்று நான் காத்திருந்த அந்தச் சில நொடிகளிலேயே அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்னும் ஓசை கேட்கத் தொடங்கியது. பிறகு வடித்த எண்ணெயில் பொன் தூளைத் தூவியதுபோல் உலோகத்துகள் மின்னியது. தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2001இல் அவர் மறையும் வரை அந்த வண்டி ஓடவுமில்லை.

நடந்தது இதுதான். கிராங்க் தண்டு பேரிங்கின்மேல் நேராக அமர்ந்து சுழல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஆடைபோல் படர்ந்த எண்ணெயின்மேல் அது மிதக்கிறது. ஓடும் வண்டியை அணைத்து மறுநாள் முடுக்கினால் பழைய எண்ணெய் சிறிதேனும் ஒட்டியிருக்கும். புதிதாகப் பூட்டிய இயந்திரத்திலோ குழாய்கள், துளைகள், வடிகட்டி யாவும் வெறுமையாக இருக்கும். எண்ணெய் வந்து சேருமுன் தண்டு விரைந்து சுழன்றால், பேரிங்கின் மென்மையான மேற்பூச்சு உரிந்து போகும். உராய்வைத் தணிக்கும் எண்ணெயை ‘உயவு எண்ணெய்’ என்கிறோம். ‘உயவு’ என்பதற்குப் பழந்தமிழில் வருத்தம் என்ற பொருளும் உண்டு. இரு பொருளையும் ஒரே மாலையில் கற்றவன் நான்.

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 2019இல் மீண்டும் துணிந்தேன். இம்முறை பழைய வண்டிகளில் கைதேர்ந்த சீனப் பெரியவர் ஒருவரின் பட்டறையை நாடினேன். கிராங்க் தண்டை இதற்குமுன் ஒருமுறை தேய்த்தாயிற்று. இப்போது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு வரை தேய்த்தாக வேண்டும். அதற்கும் மெலிந்த தண்டுக்குப் பொருந்தும் பேரிங் எங்கள் கைக்கு எட்டுவதில்லை. இன்னொரு தவறுக்கு அந்தத் தண்டில் இடமில்லை.

பூட்டும்போதே பேரிங்குகளுக்குப் பிசுபிசுப்பான எண்ணெயும், எண்ணெய் பம்பினுள் வாஸ்லினும் இட்டார் தவுக்கே. பம்பின் இடைவெளிகளை வாஸ்லின் அடைத்துக்கொள்வதால், முதல் எண்ணெயை அது தவறாமல் உறிஞ்சுமாம். இந்த இயந்திரத்தில் பம்பைச் சுழற்றுவது கேம் தண்டின் பின்முனை. ஆகவே பம்பை மட்டும் வெளியிலிருந்து சுழற்ற வழியில்லை. இயந்திரம் முழுவதையுமே சுழற்றியாக வேண்டும். வால்வு இடைவெளி, பொறி பாயும் 1, 3, 4, 2 என்னும் வரிசை, ரேடியேட்டர் நீர் ஆகியவற்றையெல்லாம் சரிபார்த்து முடித்தோம்.

அதன்பின் நான் சாவியை எடுத்தேன். தவுக்கே கையை நீட்டி அதை வாங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“பெலான்-பெலான், சிக்கு” என்றார்.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார். அழுத்தம் இல்லாததால் இயந்திரம் இலகுவாகச் சுழலும். பேரிங்குகளுக்கும் சுமை குறைவு. மேல்மூடியையும் எடுத்துவிட்டு, முன்புறம் கைப்பிடியைச் செருகி என்னைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். வியர்வை வழிந்தது; எண்ணெய் வரவில்லை. பிறகு ஸ்டார்ட்டர் குமிழைச் சிறிது சிறிதாக இழுத்தும், நடுநடுவே ஓய்வு கொடுத்தும் சுழற்றினோம்.  போதும் என்றேன். அவர் தலையசைத்து மறுத்து, டார்ச் விளக்கை ராக்கர் தண்டின்மேல் பிடித்தார். அடியில் ஊற்றிய எண்ணெய் வந்து சேரும் மிக உயர்ந்த இடம் அதுவே. நெடுநேரம் சென்றபின், ஒரு ராக்கரின் ஓரத்தில் மணிபோல் ஒரு துளி அரும்பியது, பிறகு அடுத்ததில், பிறகு எல்லாவற்றிலும். தந்தையார் கேட்டது இதைத்தான்.

பிளக்குகளைப் பூட்டிய பிறகே சாவி என் கைக்கு வந்தது. திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று ஒலித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கியது. குமிழை இழுத்தேன். இரண்டாம் முறையில் பற்றிக்கொண்டது. புதிய கேம் தண்டுக்குக் கிராங்க் தண்டு வாரி இறைக்கும் எண்ணெயே துணையாதலால், மெதுவாக ஓடவிடலாகாது. நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் ஓடவேண்டும். அந்த 20 நிமிடமும் எங்காவது ‘டொக்’ என்கிறதா என்றே என் செவி தேடியது. தவுக்கே நீர்க்குழாய்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அணைத்து, சூடு தணிந்ததும் எண்ணெயை வடித்தார். ஒரு துளியை விரல்களுக்கிடையே தேய்த்து, வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துப் பார்த்தார். பிறகு அந்தக் கையை அப்படியே என்னிடம் நீட்டினார். கருமை இருந்தது; மினுக்கம் இல்லை.