மலிவுக் கொலரும் கச்சான் காற்றும்

கல்முனையில் நின்று தலைப்பிறை பிடிக்கிறவனுக்குக் கடல் முதுகுப் பக்கம். முகத்துக்கு நேரே மேற்கில் வயல்வெளி. மே மாதத்துக்குப் பிறகென்றால் அந்த வயலுக்கு மேலால் கச்சான் அனலாக வந்து லென்ஸில் மோதும். பிறையை அறிவிக்கிறது கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும்தான். போட்டோக்காரனிடம் யாரும் சாட்சி கேட்கப்போவதில்லை. ஆனால் கண்டதாகச் செய்தி வந்த அடுத்த நிமிடமே “படம் இரிக்கா?” என்று போன் அடிக்கத் தொடங்கிவிடும்.

அந்தப் படத்தின் கணக்கு மிகச் சின்னது. 200 மில்லிமீற்றர் லென்ஸில் முழு நிலாவே சென்சரில் 2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகத்தான் விழும். கெனன் 80டி போன்ற 24 மெகாபிக்சல் கெமராவில் அது குறுக்கே ஏறக்குறைய 500 பிக்சல். தலைப்பிறை அந்த வட்டத்தின் ஓரத்தில் ஓர் இழை. வெளிச்சம் இறங்கி, ஷட்டரை அரை செக்கன் திறந்து வைக்க வேண்டி வந்தால், பூமி சுற்றுவதிலேயே படம் 2 பிக்சல் அளவுக்கு நகர்ந்துவிடும். சாதாரண ட்ரைபொட்டில் அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மிச்சமுள்ள மங்கல் எல்லாம் நம்முடைய சாமான்களின் ஆட்டம்.

எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் அதிகம் புழங்குவது கெனன் 70-200 எஃப் 4 எல். 1999இல் வந்த பழைய மொடல், 705 கிராம். 2006இல் ஐஎஸ் உள்ள மொடல் வந்தது. அந்த ஆட்டத்தை அடக்க, லென்ஸைச் சுற்றிப் பிடித்து ட்ரைபொட்டில் பூட்டும் வளையமான கொலர் இரண்டுக்கும் பெட்டிக்குள் கிடையாது. கம்பனிக் கணக்கில் அது தனிச் சாமான். செக்கண்ட் ஹாண்டில் வாங்கினால் மூடியும் ஹூட்டும் பையும் வரும், கொலர் வராது. முதல் ஆள் அதை வாங்கியே இருக்கமாட்டார். நிக்கோனும் இதே வழிதான்: 2012இல் வந்த 70-200 எஃப் 4க்கும் 2015இல் வந்த 300 எஃப் 4 பிஎஃப்புக்கும் ஆர்டி-1 என்ற கொலரைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கெனனின் அசல் கொலர் வெளிநாட்டுக் கடைகளிலேயே 150 டொலரைத் தாண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐக் கடந்தது. பிறகு இறங்கி 300 பக்கம் வந்தது என்று வைத்துக்கொண்டாலும், விரல் அகல அலுமினிய வளையத்துக்கு 45,000 ரூபாய். வாடகை கட்டி ஸ்டூடியோ நடத்துகிறவன் அந்தக் காசுக்கு பிளாஷ் வாங்குவான், இல்லாவிட்டால் பழைய 85 மில்லிமீற்றர் லென்ஸுக்கு அட்வான்ஸ் கொடுப்பான். ஆகவே சைனாக் கொலர். ஐஷூட், ஹாவோகே என்ற பெயர்களில் வருகிறவை அசலின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். கல்முனைக் கடைகளில் கேட்டுப் பார்ப்பது வீண். ஒன்லைனில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது கட்டாரில் இருந்து லீவில் வரும் மச்சானிடம் சொல்லிவிட வேண்டும்.

மலிவு என்பதால் மட்டமாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. கண்ணாடி அடுக்குகள் உள்ள லென்ஸைப் பற்றி அப்படிச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. கொலர் என்பது ஒரு வளையம், ஒரு கீல், ஒரு ஸ்க்ரூ, ஒரு கால், அவ்வளவுதான். பெயர் பெற்ற கம்பனியும் இதில் சறுக்கும். நிக்கோனின் 2000ஆம் ஆண்டு 300 எஃப் 4 கொலரோடுதான் வந்தது. ஆனால் அந்தக் கொலர் ஆடுகிறது என்று உலகம் முழுக்கக் குறை சொன்னார்கள். கேர்க், ரியலி ரைட் ஸ்டஃப் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் அதற்கென்றே மாற்றுக் கொலர் செய்து விற்றன. கொலரின் தரம் அது எப்படி மூடுகிறது என்பதில்தான் இருக்கிறது. மூடும் விதத்தைக் கண்ணாலும் விரலாலும் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலில் அளவு. விற்கிறவர் போட்டிருக்கும் லென்ஸ் பட்டியலை நம்பி ஓடர் பண்ணவேண்டாம். பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் பிடித்த அதே வேணியர் இடுக்கிமானியால், கொலர் உட்காரும் வழுவழுப்பான பட்டியின் விட்டத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தின் உள்விட்டம் எவ்வளவு என்று விற்கிறவரிடம் கேளுங்கள். பதில் சொல்லாத ஆளிடம் வாங்கவேண்டாம்.

கையில் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்காமல் வளையத்தை லென்ஸில் வைத்து விரலால் மூடிப் பாருங்கள். இரண்டு உதடுகளுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இடைவெளி நிற்க வேண்டும். அந்த இடைவெளிதான் இறுக்கம். ஸ்க்ரூ திருகும்போது உதடுகள் நெருங்கி, வளையம் லென்ஸைச் சுற்றிப் பிடிக்கிறது. இறுக்குவதற்கு முதலே உதடுகள் முட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் அலுமினியம் அலுமினியத்தைத்தான் அமுக்கும், லென்ஸ் உள்ளே சும்மா இருக்கும். பிறகு ஒரு துண்டுக் கடதாசி. இறுக்கிய வளையத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் சுற்றிவர அதைச் செருகிப் பார்த்தால் எங்கே பிடிக்கிறது, எங்கே பிடிக்கவில்லை என்று தெரியும். ஒரு பக்கத்தால் கடதாசி தாராளமாக நுழைந்தால் வளையம் இரண்டு இடத்தில் மட்டும் கவ்வுகிறது என்று அர்த்தம். நேராக நிற்கும்போது அது பிடிக்கும், லென்ஸை மேலே தூக்கிப் பிறைக்குக் காட்டும்போது மெல்லச் சரியும்.

உள்ளே ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணி மெலிதாக, சீராக இருக்க வேண்டும். வளையம் கொஞ்சம் லூசாக இருந்தால் இங்கே பலரும் செய்கிற வேலை சைக்கிள் ட்யூபை வெட்டி உள்ளே வைப்பது. நன்றாக இறுகியது மாதிரித்தான் இருக்கும். ஆனால் ரப்பர் அமுங்கி நிமிரும், ஒவ்வொரு அசைவையும் திருப்பிக் கொடுக்கும். தையல்காரருக்கு விற்கும் வெல்வட் நாடா அதைவிட மேல். அதுவும் ஒரு சுற்றுத்தான். இரண்டு சுற்று தேவைப்பட்டால் அது உங்கள் லென்ஸுக்கான வளையமே அல்ல.

கீலில் ஒரு விஷயம் பயமுறுத்துகிறது. சில கொலர்களில் குமிழைத் தளர்த்தினாலே வளையம் முழுதாகத் திறந்துவிடும். நிலைப்படம் குறுக்காக வேண்டும், நெடுக்காக வேண்டும் என்று திருப்பும்போது குமிழைத் தளர்த்தத்தானே வேண்டும்? அந்த நேரம் கெமராவும் லென்ஸும் சேர்த்து ஒன்றரைக் கிலோ நிலத்தில். குமிழை இழுத்தால் மட்டுமே திறக்கும் ஒரு தடுப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. என் மட்டில் விலையைவிட, பளபளப்பைவிட, வெள்ளை நிறம் பொருந்துவதைவிட இதுதான் பெரிது. (வெள்ளை நிறம் முக்கியமில்லை என்று சொன்னாலும் கலியாண வீட்டில் அது வேலை செய்கிறது. கொலரோடு சேர்ந்த வெள்ளை லென்ஸைக் கண்டால் மாப்பிள்ளை வீட்டார் பேசிய காசைக் குறைக்கச் சொல்லுவதில்லை.)

பாரம் எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். 705 கிராம் லென்ஸ், 730 கிராம் 80டி, இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. சமநிலைப் புள்ளி லென்ஸ் கெமராவோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும், கொலர் உட்காரும் பட்டியும் அங்கேதான். கெமராவின் அடியில் ட்ரைபொட்டைப் பூட்டினால் லென்ஸ் முழுதும் முன்னால் தொங்கும், தலை எப்போதும் கவிழப் பார்க்கும். கொலரின் காலில் ஆர்கா சுவிஸ் வெட்டு நேரடியாக இருந்தால் தனித் தட்டு ஒன்று மிச்சம். ஆனால் எங்கள் கலியாண வீடியோக்காரர்களின் தலைகள் பெரும்பாலும் மன்ஃப்ரோட்டோ 501 ரகம், அதற்கு வேறு தட்டு. அப்படியென்றால் காலில் ஒரு துளை போதாது. 1/4 அங்குலத்தில் இரண்டு, அல்லது ஒரு 1/4, ஒரு 3/8 வேண்டும். ஒற்றை ஸ்க்ரூவில் நிற்கும் கால் நிக்காஹ் நடுவில் தானாகத் திரும்பும். துளைக்குள் இரும்புப் புரி பதித்திருக்கிறார்களா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். வெறும் அலுமினியத்தில் வெட்டிய புரி நாளாக நாளாகத் தேயும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஒரு சோதனை மிச்சம். இராத்திரியில் மினாராவின் உச்சி பல்பை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, லென்ஸின் முன்பக்கத்தை விரலால் ஒரு தட்டு. பல்பு கோடாக இழுபட்டு, குறுகி, மறுபடி புள்ளியாகும். எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது? இப்போது கொலரைக் கழற்றி, கெமராவின் அடியில் பூட்டி, அதே தட்டு. கொலரில் சீக்கிரம் அடங்கினால் காசு செல்லும். சில மலிவுக் கொலர்களில் ஆட்டம் கூடும். கால் நீளமாக, கழுத்து மெலிதாக இருக்கிறவையில் இதைக் காணலாம். அப்படியானதைத் திருப்பி அனுப்பிவிட்டு வெறும் கெமராவோடு எடுப்பது நல்லது. கச்சானில் ஹூட்டைக் கழற்றினாலே ஆட்டம் குறையும், அதற்குக் காசும் இல்லை.

எங்கள் ஊர்களில் இன்னொரு எதிரி உப்பு. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் படம் பிடித்துவிட்டு வந்து கொலரை அப்படியே பைக்குள் போட்டால், முலாம் பூசிய ஸ்க்ரூ கொஞ்ச நாளிலேயே துரு காட்டும். புதுக் கொலர் வந்த உடனே ஸ்க்ரூக்களை ஸ்டெயின்லெஸ்ஸில் மாற்றிவிடுகிறேன், செலவு சொற்பம். ஆனால் ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்பில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூள் கட்டும். ஆகவே புரியில் ஒரு பொட்டு கிறீஸ். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு.

ஸ்டூடியோவில் வேலை பழகும் தம்பி ஒருவன் 2017இல் வந்த சிக்மா 100-400ஐ செக்கண்ட் ஹாண்டில் எடுத்துவிட்டு வந்து, “காக்கா, இதுக்கும் ஒரு கொலர் பாத்துத் தாங்க” என்றான். டிஎஸ்எல்ஆர் கெமராக்களுக்கான அந்த மொடலில் கொலர் உட்கார இடமே விடவில்லை. அதே ஆண்டு வந்த டாம்ரன் 100-400க்குக் கம்பனியே தனியாக விற்கிறது, காலில் ஆர்கா வெட்டோடு. வாங்க முதல் கேட்டிருந்தால் டாம்ரன் பக்கம்தான் தள்ளியிருப்பேன். சிக்மாவைச் சுற்றி எதையாவது இறுக்கி ஸூம் வளையத்தை அமுக்கவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அவனுக்குக் குமணைத் தேசியப் பூங்காவில் படம் எடுக்க ஆசை. அங்கே ஜீப்பை விட்டு இறங்க விடமாட்டார்கள், ட்ரைபொட் விரிக்க இடமும் இல்லை. ஜீப்பின் கம்பியில் துணிப்பை வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்துவதுதான் வழி. அப்போது கொலரின் கால் பையில் குத்தி இடைஞ்சல் பண்ணும். கொலர் போட இடமில்லாத சிக்மாவுக்கு அது இன்னும் வசதி. பைக்குள் என்ன நிரப்புவது என்று கேட்டான். கடல் மணல் வேண்டாம், துணியால் கசிந்து ஃபோகஸ் வளையத்துக்குள் போகும். அரிசி போடு, பொத்துவிலைத் தாண்டும்போது பசித்தால் சமைத்தும் சாப்பிடலாம் என்றேன்.