உதிர்ந்துவிடும் சல்பேட்

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு பெப்டைடு எதிர்பார்த்ததைவிட 80 டால்டன் கூடுதலாக வந்தால், பார்ப்பவர் கை தானாகவே 'பாஸ்பேட்' என்று எழுதிவிடும். கொஞ்சம் பொறுங்கள் என்பேன் நான். பாஸ்பேட் ஏறினால் கூடுவது 79.966, சல்பேட் ஏறினால் 79.957. ஒரு டால்டனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம்.

சல்பேட்டை ஏற்றுபவை கோல்கியின் கடைசி அறைகளில், சவ்வில் பதிந்திருக்கும் டிபிஎஸ்டி 1, 2 என்ற இரண்டு நொதிகள். ஏடிபியையும் சல்பேட்டையும் கொண்டு செல் 'பாப்ஸ்' என்ற மூலக்கூறைத் தயாரித்து அங்கே அனுப்புகிறது. நொதி அதிலிருந்து சல்பேட்டை எடுத்துப் புரதத்தின் டைரோசினில் வைக்கிறது. பக்கத்தில் அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் இருந்தால் அந்த டைரோசினுக்கு வாய்ப்பு அதிகம். கோல்கி வழியாகப் போகாத புரதத்துக்கு இது கிடைக்காது. சைட்டோபிளாசத்திலேயே தங்கும் புரதத்தில் டைரோசின் சல்பேட் என்று யாராவது சொன்னால் முதலில் சாம்பிளைத்தான் சந்தேகிப்பேன்.

1954இலேயே மாட்டின் ஃபைப்ரினோஜெனில் பெட்டல்ஹைம் என்ற ஆய்வாளர் டைரோசின் சல்பேட்டைக் கண்டுவிட்டார். ஆனால் புரதத்தை அமிலத்தில் கொதிக்கவைத்துப் பிரிக்கும் வழக்கமான முறையில் சல்பேட் அழிந்துவிடும். அதனால் வெகுகாலம் அபூர்வம் என்றே நினைத்தார்கள்.

எங்கள் கருவியிலும் அதே தொல்லைதான். பெப்டைடை வாயுவோடு மோதவிட்டு உடைக்கும்போது, அதன் சங்கிலி முறியும் முன்பே சல்பேட் உதிர்ந்துவிடும். 80 குறைந்த ஓர் உச்சம் மட்டும் ஓங்கி நிற்கும். மற்ற துண்டுகள் எதுவுமே ஏறாத பெப்டைடின் துண்டுகளாகத் தெரியும். டைரோசினில் ஏறிய பாஸ்பேட் இவ்வளவு சுலபமாக விடாது. சரி, மூன்று டைரோசின் இருந்தால் எதில் சல்பேட் இருந்தது? எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. உடைப்பதற்கு முன்பே, காலியாக இருக்கும் டைரோசின்களில் அசெட்டைலை ஏற்றிவிட வேண்டும். சல்பேட் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அசெட்டைல் ஏறாது. பிறகு உடைத்தால் சல்பேட் போய்விடும். அசெட்டைலும் இல்லாமல் நிற்கும் டைரோசின்தான் நாம் தேடியது.

இத்தனை பாடு எதற்கு? ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியில் 1680ஆம் இடத்து டைரோசினுக்குச் சல்பேட் வேண்டும். அது ஃபீனைல்அலனினாக மாறிவிட்டால், சல்பேட் ஏற ஆக்சிஜன் இல்லை. காரணியால் வான் வில்லிபிராண்ட் புரதத்தைச் சரியாகப் பற்ற முடியாது. அந்தப் பிடி இல்லாமல் ரத்தத்தில் சீக்கிரம் அழிந்துபோகும். விளைவு ஹீமோபிலியா ஏ. ஆகவே பிளாஸ்மா சாம்பிள் வந்தால், மென்பொருளின் தேடல் பட்டியலில் பாஸ்பேட்டோடு சல்பேட்டையும் சேர்த்த பிறகே ஓட்டச் சொல்கிறேன்.