நட்ட கைக்குப் பட்டா இல்லை

மூலக்குளத்தில் எங்களோடு இருக்கிற என் பெரியம்மா நாகப்பட்டினம் கடலோரத்தில் நடவு நட்டவள். சித்தாள் வேலை தேடி இங்கே வந்து சேர்ந்தாள். கடல் உள்ளே வரவில்லை. மோட்டார் வைத்துக் கொண்டுவந்தார்கள். 1990களில் உப்பங்கழித் தண்ணியை இறைத்து இறால் குட்டைகளை நிரப்பினார்கள். கரையில் கசிந்த உப்பு பக்கத்து வயலுக்கும் சேரிக் கிணத்துக்கும் போச்சு.

"குட்டையக் காக்க நாலு ஆம்பள போதும்டா. நடவுன்னா தெருவே எறங்கும்" என்பாள் பெரியம்மா. நிலம் வைத்திருந்தவன் விற்றுக் காசு பார்த்தான். நட்டவளுக்கு விற்க என்ன இருந்தது?

லாஃப்டியைத் தொடங்கிய சர்வோதயக்காரர் ஜெகந்நாதன் வழக்குப் போட்டார். நீரி விஞ்ஞானிகள் நேரில் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த புதுமுறைப் பண்ணைகளை இடிக்கச் சொன்னது. அந்தப் பகுதி உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர். ஆனால் 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, புதுப் பண்ணைக்கான தடையை 200 மீட்டராகச் சுருக்கிவிட்டது. 2023 திருத்தம் இன்னும் கதவைத் திறந்தது.

500, 200 என்று மீட்டரில் பேசுகிறார்கள். உப்பு மீட்டர் பார்த்தா கசியும்? சூழல் பேசும் நண்பர்களே, மண்ணில் உப்பை அளக்கிறீர்கள், அளங்கள். அதே தாளில் இன்னொரு கட்டம் போடுங்கள்: அந்த வயலில் எத்தனை நாள் நடவு போச்சு, எத்தனை பெண்களுக்குக் கூலி போச்சு. பட்டா இல்லாதவளின் நட்டம் அங்கேதான் இருக்கிறது.