தரங்கம்பாடி ரயில் போன தடம்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று நின்று நின்று போன மீட்டர்கேஜ் ரயில் 1926-இல் ஓடத் தொடங்கியது. 1986-இல் நிறுத்தப்பட்டது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்தார்கள்.

ரயிலின் அருமையைத் தரங்கம்பாடி முன்பே பட்டறிந்த ஊர். 1620 முதல் டேனிஷ்காரர்கள் வாணிபம் செய்த துறைமுகம் அது. 1845-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ரயில் இல்லாத துறைமுகம் மெல்ல மெல்ல மீனவர் ஊராகச் சுருங்கியது.

டெல்டாவின் கிளைப் பாதைகளுக்குப் பின்னால் உழவர் பணம் உண்டு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ரயில்வே செஸ் வசூலித்தது. அப்படிச் சேர்ந்த பணத்தைக் கொண்டு 1894-இல் மாயவரம் – முத்துப்பேட்டை பாதையைப் போட்டது. நெல் விற்றுக் கிஸ்தி கட்டியவர்களே அந்த ரயிலுக்கும் முதல் போட்டார்கள்.

பஸ்ஸும் லாரியும் பெருகியபின் இதுபோன்ற சிறு பாதைகளில் வருமானம் குறைந்தது. கணக்கில் நஷ்டம் தெரிந்தது. குறைந்த கட்டணத்தில் கூடையும் மூட்டையுமாகச் சந்தைக்குப் போய்வந்த ஏழைக் குடும்பத்துக்கு மிஞ்சிய காசு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஆனால் மூடிய பாதை மூடியதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பக்கத்திலேயே, 1898-இல் திறந்த பேரளம் – காரைக்கால் பாதையும் 1980-களில் மூடப்பட்டதுதான். அங்கே இப்போது அகலப்பாதை போடப்பட்டுள்ளது. பழைய தடத்து நிலம் கையில் இருந்தால்தான் இது எளிது.

நிலம் கையில் இல்லாவிட்டால் என்ன பாடு என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியே சாட்சி. இத்தனை கார் தொழிற்சாலைகள் வந்தும் ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் நிலையம் இல்லை. ஆவடி – கூடுவாஞ்சேரி பாதை பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. தொழிற்சாலைக்கு ஒருமுறை நிலம் கொடுத்த ஊர்களில், இனி ஒவ்வொரு சென்ட்டும் இன்றைய விலைக்குத்தான் வாங்கவேண்டும். மீதமுள்ள வயலும் துண்டுபடும்.

ஆகவே, பழைய ரயில் தடத்தை ஒட்டி வயல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ரயில் ஓடாததால் அந்த மேடு யாருக்கும் சொந்தமாகிவிடாது. அதை ஒட்டி நிலம் வாங்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும், புலப்பட வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். எல்லைக்கல்லை சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். தடத்தில் வீடு கட்டியபின் ‘காலி செய்’ என்று நோட்டீஸ் வந்தால் போட்ட பணம் போய்விடும்.

பாட்டன் காலத்தில் விட்டுக்கொடுத்த அந்த நிலத்தை ஆக்கிரமிக்காமல் வைத்திருந்தால், என்றாவது ரயில் திரும்பும்போது பேரன் தன் வயலை மறுபடி கொடுக்க வேண்டியிருக்காது.