வெல்லும் என்பதும் வென்றாலும் வெல்லும் என்பதும்

2025 மே 22 அன்று டென்மார்க்கின் ஹெர்னிங் நகரில் உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப்பின் காலிறுதி ஆட்டம் ஒன்று நடைபெற்றது. ஒருபுறம் சிட்னி கிராஸ்பியும் நேதன் மெக்கின்னனும் ஆடிய கனடா. மறுபுறம் அதுவரை ஒருமுறைகூட அரையிறுதியை எட்டியிராத டென்மார்க். ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தபோது கனடா 1–0 என முன்னிலையில் இருந்தது. பின்னர் நிக்கொலாய் ஏலர்ஸ் ஆட்டத்தைச் சமன் செய்தார். கடைசி நிமிடத்தில் நிக் ஓலெசன் வெற்றிக் கோலை அடித்தார். 'கனடா வெல்லும்' என்று அன்று காலை கணித்தவர்கள் அனைவரும் இரவுக்குள் தவறியவர்கள் ஆயினர்.

அவர்கள் உண்மையிலேயே தவறினார்களா என்பது எளிதில் விடை கூற இயலாத வினா. 'கனடா வெல்லும்' என்ற தொடருக்கு என்ன பொருள் என்பதிலிருந்தே அதை அணுக வேண்டியிருக்கிறது.

தமிழில் 'உம்' ஈற்று வினைமுற்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. 'நாளை மழை வரும்' என்பது எதிர்காலம். 'பசு பால் தரும்', 'தீச் சுடும்' என்பவை எந்த நாளையும் குறிப்பிடுவதில்லை. என்றைக்கும் உள்ள இயல்பையே சொல்கின்றன. 'மலை நிற்கும்' என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவதும் இவ்வகையே. ஆகவே 'கனடா வெல்லும்' என்பவர் இன்றைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறாரா, கனடாவின் வழக்கத்தைப் பற்றிச் சொல்கிறாரா என்பது வினைவடிவத்தால் விளங்காது. பெரும்பாலான கணிப்புகள் இந்த இடைவெளியில்தான் வழுக்கி விழுகின்றன. வழக்கத்தை அறிந்தவர், அதே மூச்சில் நாளையையும் அறிந்துவிட்டதாக நம்பிவிடுகிறார்.

வரப்போவதை எந்தத் துணிவில் உறுதியாகச் சொல்கிறோம் என்பதைத் தொல்காப்பிய வினையியலும் கருதியிருக்கிறது. எதிர்காலத்துக்குரிய செயலை இறந்தகாலத்தாலோ நிகழ்காலத்தாலோ கூறும் வழக்குக்கு அது காட்டும் அடிப்படைகள் இரண்டு: இயற்கை, தெளிவு. கள்வர் நிறைந்த காட்டுக்குள் ஒருவன் செல்வானாயின், அவன் உடையைப் பறிகொடுத்துவிட்டான் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அது அக்காட்டின் இயற்கை. எறும்புகள் முட்டைகளைச் சுமந்து மேட்டில் ஏறக் கண்டவன், மழை பெய்துவிட்டது என்பான். அது அறிகுறி தந்த தெளிவு. விளையாட்டுக் கணிப்புகளையும் இவ்விரண்டில் அடக்கிவிடலாம். ஓர் அணியின் பழைய வரலாற்றைப் பார்த்துச் சொல்வது இயற்கை பற்றியது. அண்மையில் கண்ட ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வது அறிகுறி பற்றியது.

முதலில் இயற்கையை எடுத்துக்கொள்ளலாம். சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் தரவரிசை நான்கு ஆண்டுகளின் முடிவுகளைக் கூட்டிக் கணக்கிடப்படுகிறது. அண்மை ஆண்டுக்கு முழு மதிப்பு. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு முறையே 75, 50, 25 விழுக்காடு. கணக்கு நேர்த்தியானதுதான். ஆனால் அது ஒரு பெயரின் வரலாற்றை அளக்கிறதே அன்றி, களமிறங்கும் வீரர்களை அளப்பதில்லை. உலக சாம்பியன்ஷிப் நடைபெறும் மே மாதத்தில், வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகில் ஸ்டான்லி கோப்பைக்கான சுற்றுகள் இன்னும் முடிந்திருப்பதில்லை. தத்தம் கிளப் அணி தோற்று வெளியேறிய வீரர்களே தேசிய அணிக்குக் கிடைக்கின்றனர். எனவே 'கனடா' என்ற ஒரே சொல் ஆண்டுதோறும் வேறுவேறு ஆட்களைச் சுட்டுகிறது. ஆள் மாறியபின்பும் பெயர் மாறாதிருப்பது கணிப்பவரை ஏமாற்றும் முதல் பொறி.

இப்பொறியில் ஒரு நாடே விழுந்ததுண்டு. 1972 செப்டம்பரில் கனடாவின் தொழில்முறை வீரர்களும் சோவியத் அணியும் எட்டு ஆட்டங்களில் மோதின. எட்டையும் கனடாவே வெல்லும் என்பது அந்நாட்டு இதழாளர் பலரின் உறுதி. ரஷ்யர்கள் ஓர் ஆட்டம் வென்றாலும் தம் கட்டுரையைக் கிழித்துப் போர்ஷ் என்னும் பீட்ரூட் சூப்பில் போட்டு உண்பதாக எழுதினார் டிக் பெடோஸ். செப்டம்பர் 2 அன்று மாண்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்தில், முப்பது நொடிகளில் கனடா கோல் அடித்தது. ஏழாம் நிமிடத்தில் இரண்டாவதும் விழுந்தது. ஆட்டம் முடிந்தபோதோ 7–3 என வென்றிருந்தது சோவியத் அணி. பெடோஸ் சொன்ன சொல் தவறாது கட்டுரையை உண்டார். கனடா அத்தொடரை வென்றது மெய்தான். ஆனால் அந்த வெற்றி, எட்டாவது ஆட்டத்தில் 34 நொடிகள் எஞ்சியிருந்தபோது பால் ஹெண்டர்சன் அடித்த கோலால் வந்தது.

இனி அறிகுறி. அதே தொடருக்கு முன்பு கனடாவின் பார்வையாளர்கள் மாஸ்கோ சென்று, விளாடிஸ்லாவ் ட்ரெட்டியாக் என்ற இருபது வயது கோல்கீப்பரைக் கண்டனர். அன்றைய ஆட்டத்தில் அவர் கோல்களை வாரி விட்டார். கோல்கீப்பர் பலவீனமானவர் என்ற செய்தி கனடாவுக்குச் சென்றது. அவர் அப்போது தம் திருமணத்தை ஒட்டிய நாள்களில் இருந்தார் என்பது செய்தியில் இடம்பெறவில்லை. பின்னாளில் அவர் உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டார். எறும்பு மேட்டில் ஏறியது மெய். ஆனால் அது மழைக்காக ஏறவில்லை.

அறிகுறி வலியதாக இருந்தும் பொய்த்ததற்கு 1980 சான்று. பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில் நடந்த நட்பு ஆட்டத்தில், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைக் கொண்ட அமெரிக்க அணியைச் சோவியத் அணி 10–3 என நொறுக்கியது. 1964 முதல் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கங்களை வென்றிருந்த அணி அது. இயற்கை, அறிகுறி இரண்டும் ஒரே திசையைச் சுட்டின. பதின்மூன்று நாள் கழித்து, லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்கா 4–3 என வென்றது. அன்றும் சோவியத் அணி கோலை நோக்கி 39 ஷாட்களை அடித்திருந்தது. அமெரிக்கா அடித்தவை 16 மட்டுமே.

இந்த எண்களில்தான் விளையாட்டின் இயல்பு ஒளிந்திருக்கிறது. உறைபனித் தரையில் சறுக்கும் ரப்பர் வட்டை அணிக்கு ஐந்து பேர் கோலை நோக்கிச் செலுத்துகின்றனர்; ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஷாட்களைக் கோல்கீப்பர் தடுத்துவிடுகிறார். கூடைப்பந்தில் புள்ளிகள் நூறை எட்டுவதால் தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். இங்கு முழு ஆட்டமும் ஐந்தாறு கோல்களில் முடிந்துவிடுகிறது. ஓர் அணி 40 ஷாட்களும் எதிரணி 20 ஷாட்களும் அடிப்பதாகவும், பத்தில் ஒன்று கோலாவதாகவும் கொள்வோமாயின், சராசரி நான்குக்கு இரண்டு. இருமடங்கு வலிமை. ஆயினும் பாய்சான் பரவலின்படி கணக்கிட்டால், ஏறத்தாழ நான்கில் ஒரு முறை, அறுபது நிமிட முடிவில் வலிய அணி முன்னிலையில் இராது.

தொடரின் அமைப்பு இந்த நிச்சயமின்மையைப் பெருக்குகிறது. காலிறுதியிலிருந்து ஒவ்வொரு சுற்றும் ஒரே ஆட்டம். எந்த எதிரணியையும் 70 விழுக்காடு வாய்ப்புடன் வெல்லக்கூடிய அணி, மூன்று சுற்றுகளையும் கடந்து கோப்பையை வெல்லும் வாய்ப்பு 34 விழுக்காடுதான். என்.எச்.எல். லீகில் உள்ளதுபோல் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டங்களைக் கொண்டதாயின், அதே அணியின் வாய்ப்பு சுமார் 67 விழுக்காடாக உயரும். அணி மாறவில்லை, திறன் மாறவில்லை. கேட்கும் முறை மாறியதும் விடை மாறிவிட்டது. தேசிய அணிகளின் போட்டியில், யாவரினும் வலியது எனத் தக்க அணியைக்கூட 'வெல்லாது' என்பதற்கே வாய்ப்பு மிகுதி.

கணிப்பு தவறினால் யாருக்கு என்ன இழப்பு, இது வெறும் விளையாட்டுத்தானே எனக் கேட்கலாம். இழப்பு உண்டு; அது கணித்தவருக்கு நேர்வதில்லை. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஸ்வீடன் தன் பிரிவின் மூன்று ஆட்டங்களையும் வென்று காலிறுதிக்கு வந்தது. எதிரணியான பெலாரஸ் தன் பிரிவில் மூன்றையும் தோற்றிருந்தது. 'ஸ்வீடன் வெல்லும்' என்பதை எவரும் வாதிட்டு நிறுவ வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆட்டம் 3–3 என நின்றது. முடிய இரண்டரை நிமிடமே இருந்தபோது, விளாடிமிர் கோபாட் வெகுதொலைவிலிருந்து அடித்த வட்டு, கோல்கீப்பர் டாமி சாலோவின் மேல் பட்டு எகிறி, அவர் முதுகுக்குப் பின்னே விழுந்து கோலுக்குள் சென்றது. ஸ்வீடன் வெளியேறியது.

இந்த சாலோதான் 1994 லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில், பெனால்டி ஷாட்களின் முடிவில் பால் கரியாவைத் தடுத்து ஸ்வீடனுக்குத் தங்கம் பெற்றுத் தந்தவர். மக்கள் நினைவு அந்த ஒரு தடுப்பைவிட இந்த ஒரு தவறையே இறுகப் பற்றிக்கொண்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஷாட்களை அடித்து மூன்றே கோல் எடுத்த முன்கள வீரர்கள் இருந்தனர். அவற்றையெல்லாம் தடுத்த பெலாரஸ் கோல்கீப்பர் ஆந்திரேய் மேசின் இருந்தார். ஆனால் 'வெல்லும்' என்று உறுதியாகச் சொல்லப்பட்ட ஒன்று பொய்த்தபோது, அதற்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். ஸ்வீடன் பத்தில் ஒன்பது முறை வெல்லும் என்று சொல்லியிருந்தால், தோல்வியின் மறுநாள் எழும் கேள்வி 'யார் செய்த குற்றம்' என்பதாக இராது. அந்தப் பத்தாவது முறை இதுதான் என்பதாக இருந்திருக்கும். தற்செயலுக்கு இடமளிக்காத கணிப்பு, தற்செயலின் பழியை ஒரு மனிதரின் தோளில் ஏற்றிவிடுகிறது.

விழுக்காட்டில் பேசுவது தப்பித்துக்கொள்ளும் தந்திரம் என்ற எதிர்வாதம் உண்டு. வென்றாலும் தோற்றாலும் சரி என்று சொல்லிவிடலாமே! ஓர் ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்வாதம் சரியானதே. ஆனால் கணிப்பவரை ஓர் ஆட்டத்தால் அளக்கக் கூடாது. அமெரிக்க வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950இல் ஒரு மதிப்பீட்டு முறையை முன்வைத்தார். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கத்தை, கணிப்புகள் அனைத்துக்கும் சராசரி எடுப்பதே அதன் சாரம். 90 என்று சொல்லித் தவறுபவருக்குத் தண்டனை மிகுதி. 60 என்று சொல்லித் தவறுபவருக்குக் குறைவு. எப்போதும் 50 என்றே சொல்லி ஒதுங்குபவர் நல்ல மதிப்பெண் பெறவே இயலாது. 70 என்று ஒருவர் சொன்ன ஆட்டங்களை எல்லாம் திரட்டிப் பார்த்தால், அவற்றுள் நூற்றுக்கு எழுபதையொட்டி அவ்வாறே நடந்திருக்க வேண்டும். இதைவிடக் கடுமையான பொறுப்பு வேறில்லை. 'வெல்லும்' என்பவர்தான் உண்மையில் தப்பித்துக்கொள்பவர். பலித்தால் பெருமை, பொய்த்தால் சாலோ.

தமிழுக்கு இந்த அளவுகோல் புதிதன்று. வென்றுவிடும், வெல்லும், வெல்லக்கூடும், வெல்லலாம் என்று உறுதி படிப்படியாக இறங்கி வருகிறது. அதன் கடைசிப் படியில் ஓர் அழகிய தொடர் நிற்கிறது: 'வென்றாலும் வெல்லும்'. 'மழை வந்தாலும் வரும், எதற்கும் குடையை எடுத்துக்கொள்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதுவே. வராது என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் வரவு மறுக்கப்படவில்லை. குறைந்த நிகழ்தகவை இத்தனை துல்லியமாக, எண்ணின்றிச் சொல்லும் தொடர் வேறு இருப்பது அரிது.

2023 சாம்பியன்ஷிப் தொடங்கியபோது லாட்வியா அதுவரை ஒரு பதக்கமும் வெல்லாத நாடு; முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றது. காலிறுதியில் ஸ்வீடனை வீழ்த்தியது. மே 28 அன்று கூடுதல் நேரத்தில் அமெரிக்காவை 4–3 என வென்று வெண்கலம் பெற்றது. அன்று நள்ளிரவில் லாட்விய நாடாளுமன்றம் கூடி, மறுநாளை நாட்டுக்கே விடுமுறையாக அறிவித்தது. அத்தொடருக்கு முன் லாட்வியாவைப் பற்றி எழுதப்பட்டிருக்கக்கூடிய நேர்மையான கணிப்பு ஒன்றே: பதக்கம் வென்றாலும் வெல்லும்.