வைத்தியருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

ஹட்டன் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்று. காலை ஆறரைக்கே வரிசை. வைத்தியர் வர எட்டாகும். அதுவரை எல்லாம் இலக்கத் துண்டு கொடுப்பவர் கையில்.

அவர் இரண்டு பேரை வரிசையிலிருந்து எடுத்து முன்னால் உட்காரவைக்கிறார். மூச்சு வாங்குகிற கிழவர். உதடு வெளிறிய கர்ப்பிணி. எப்படித் தெரிந்தது என்றேன்.

"பார்த்தா தெரியாதுங்களா?"

*

கொழுந்து பறிக்கிற கை. விரல் நுனியில் தோல் தடித்து, கறை ஏறி, கறுத்திருக்கும். சீனி பார்க்க நுனியில் குத்தினால் துளி வர மறுக்கிறது. மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தவேண்டும். கையை முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவவிடவேண்டும்.

பயிற்சிக்கு வந்த இளம் வைத்தியருக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் தாதி. ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பிடித்துத் திருப்பினார், அவ்வளவுதான்.

*

முறையான பயிற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் தனித் துறையானது 1969இல். மூன்று வருடப் பயிற்சி. திட்டத்துக்கு ஒரு பணிப்பாளர், அவருக்குத் துணையாக ஓர் ஒருங்கிணைப்பாளர். பயிற்சியாளர் எந்த நாள் எங்கே நிற்கவேண்டும், யாருக்கு லீவு, யார் சோர்ந்துபோயிருக்கிறார் என்பதெல்லாம் அந்த ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியும்.

நம் நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவகம் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவும் எம்.டி.யும் தருகிறது. பல்கலைக்கழகத்தில் இதற்கென்று முதல் துறை ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில்.

இந்தப் பட்டியலில் இலக்கத் துண்டு கொடுப்பவரை எந்த நிரலில் எழுதுவது?

*

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம். தோட்டத் துரையின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது. லயங்களைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டும். யார் யாருக்குச் சுகமில்லை என்று விசாரித்து அறியவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சத்தான ஆகாரம் கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்க இடமும்.

துரை லயத்துக்குள் நுழைந்து பால் போத்தலைப் பார்த்திருப்பாரா? அந்த வேலையை யாரோ ஒரு பெண்தான் செய்திருப்பாள். சட்டத்தில் அவள் இல்லை.

*

களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல். மருத்துவிச்சி வீடு தேடிப் போகிற முறை அங்கிருந்து ஊர் ஊராகப் பரவியது. தோட்டங்கள் வெகுகாலம் கம்பெனி கையில், தனி உலகமாகவே கிடந்தன. அரசு தோட்டங்களை எடுத்தது 1972இலும் 1975இலும். நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது 1992இல்.

இன்றும் ஒரே மலையில் இரண்டு சம்பளப் பட்டியல். அரசாங்க மருத்துவிச்சி ஒன்றில். தோட்டத்து வைத்திய உதவியாளர் மற்றதில்.

*

அந்த உதவியாளரை லயத்தில் டொக்டர் ஐயா என்றுதான் சொல்வார்கள். எம்.பி.பி.எஸ். இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவர் அவர்.

மருந்து கொடுப்பது அவர். வேலைக்குப் போகமுடியாது என்று துண்டு எழுதிக் கொடுப்பதும் அவர். சம்பளம் தோட்டத்தில்.

*

கிளினிக் நாள் என்றால் பேர் விழாத நாள், சம்பளம் இல்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. பிரஷர் மாத்திரை ஆஸ்பத்திரியில் இலவசம். மாத்திரை வாங்கப் போகிற நாள் இலவசமில்லை.

கங்காணி "போயிட்டு வா" என்றால் கொழுந்து பறிக்கிறவள் போவாள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருந்துவிடுவாள்.

அடுத்த மாதம் வைத்தியர் கொப்பியைப் புரட்டுவார். "ஏன் வரல்ல?" தலை குனிவாள். கொப்பியில் எழுதப்படுவது: ஒழுங்காக வருவதில்லை.

*

கிளினிக் கொப்பி. பொலித்தீன் பைக்குள், அதற்குள் இன்னொரு பை. மழைக்கு. எழுத்து மாறி மாறி வருகிறது, எத்தனையோ வைத்தியர்கள். கொப்பியை மேசையில் விரித்து வைக்கிற சிற்றூழியர் மட்டும் முதல் பக்கத்திலிருந்து அதே ஆள்.

*

வைத்தியருக்குச் சிங்களம். நோயாளிக்குத் தமிழ். நடுவில் கூட்டிப் பெருக்க வந்த அம்மா, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு மொழிபெயர்க்கிறார்.

அவருக்கு அதற்கென்று சம்பளம் இல்லை. பயிற்சியும் இல்லை. நல்ல மனுஷி, பொறுமையாகச் சொல்கிறார்.

ஆனால் அவர் வீடு அடுத்த லயத்தில். புருஷன் அடித்ததை நோயாளி அவர் முன்னால் வாய்விட்டுச் சொல்வாளா? கொப்பியில்: விழுந்ததால் வீக்கம்.

*

சிறுநீர்க் கடுப்பு. திரும்பத் திரும்ப அதே பெண்கள். மருந்து மாற்றிப் பார்க்கிறார்கள்.

மருத்துவிச்சி ஒரே கேள்வி கேட்டார். "மலையில தண்ணி குடிக்கிறியா?" இல்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே.

*

பிள்ளைக்காம்பரா. மேல் வளையில் தராசு. தொங்கும் பைக்குள் பிள்ளை, கால் இரண்டும் வெளியே. முள் ஆடி நிற்கும்வரை ஆயா பிள்ளையோடு பேசிக்கொண்டே இருக்கிறார். பேச்சு நின்றால் பிள்ளை அழும், முள் நிற்காது.

எந்தப் பிள்ளை காலையில் ரொட்டி சாப்பிடாமல் வருகிறது, எந்த வீட்டில் அம்மா மத்திய கிழக்குக்குப் போய்விட்டாள், யார் வீட்டில் சாராயம். ஆயாவுக்குத் தெரியாதது இல்லை. நிறை அட்டையில் ஒரு புள்ளிக்குத்தான் இடம்.

*

குளவி கொட்டிவிட்டது. ஒரே நேரத்தில் பலர், தோட்டத்து லொறியில். டிரைவர் வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்கிறார்: எத்தனை பேர், யாருக்கு முகம் வீங்குது, யார் பேச்சில்லாமல் கிடக்கிறார்.

தாதி ஊசி மருந்தை எடுத்து வைக்கும்போது லொறி இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. ஒரு டிரைவர், அவசர சிகிச்சை பழகிய ஒருவர். மேல் கணக்கு லயம்வரை அது ஏறாது. அங்கிருந்து தார் ரோட்டுக்கு நாற்காலியில் தூக்கி வருகிறார்கள், பொடியன்கள் நான்கு பேர்.

*

டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியில் எழுந்த புதுக் கட்டடம், 150 கட்டில். 2017 மே 12இல் நரேந்திர மோடி வந்து திறந்தார். மலையகமே திரண்ட நாள்.

கட்டிலை எண்ணுவது சுலபம். ராத்திரி முறையில் அந்தக் கட்டில்களுக்கு நடுவே நடக்கிறவர்களையும் எண்ணவேண்டும்.

*

வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமம். ஜூலியன் டியூடர் ஹார்ட் அங்கே குடும்ப வைத்தியர். எங்கே தேவை அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவு என்று 1971இல் லான்செட்டில் எழுதினார். ஊர் முழுவதற்கும் பிரஷர் பார்த்தார். மனைவி மேரி கூடவே வேலை செய்தார்.

வேலைக்காலம் பெரும்பாலும் அந்த ஒரே ஊரில்.

*

கூடலூர், நீலகிரி. ஆதிவாசி ஆஸ்பத்திரி. ஆதிவாசிப் பெண்களையே தாதிகளாகப் பழக்கி எடுத்தார்கள். நோயாளியின் பேச்சு, சாமி, பயம் எல்லாம் தாதிக்கும் சொந்தம்.

அதே மலைகளில் 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் இங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் கொழுந்து பறிக்கிறார்கள்.

*

பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. இளம் வைத்தியர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார், எழுதினார், கையெழுத்திட்டார். பிறகு குவாட்டர்ஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். ஊர் தூரம். குளிர்.

மூத்த தாதி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பிளேன் டீ, சீனி தூக்கலாக. தான் பார்த்த முதல் மரணத்தைச் சொன்னார். அரை மணி நேரம். இந்த வேலைக்குக் கடமைப் பட்டியலில் வரி இல்லை. இது இல்லாமல் அந்த வைத்தியர் மறுநாள் வார்டுக்கு வந்திருக்கமாட்டார்.

*

"அடுத்த மாசமும் நீங்கதானே டொக்டர் அம்மா?"

மாற்றல் கடிதம் வந்து கிடக்கிறது. மருத்துவிச்சி முந்திக்கொண்டு சொல்கிறார்: "நான் இருக்கேன்ல."

*

புதிதாக வருகிறவருக்கு, முதல் வாரத்தில்:

மருத்துவிச்சியோடு ஒரு லயம், கடைசிக் காம்பராவரை.

மருந்து ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு காலை. மாத்திரைப் பையை வாங்கியவர் இரண்டடி போய்த் திரும்பி வந்து என்ன கேட்கிறார் என்று பார்க்க.

நிறை பார்க்கும் நாளில் பிள்ளைக்காம்பரா.

பெரட்டுக்களத்தில் கங்காணியோடு பத்து நிமிடம். கிளினிக் எந்த நாள், ஏன் என்று.

மொழிபெயர்க்கும் அம்மாவுக்கு ஒரு நாற்காலி. பயிற்சி. சம்பளம்.

போகும்போது அடுத்த வைத்தியருக்கு விட்டுச் செல்கிற குறிப்பில் நோயாளிகள் பெயர் மட்டும் போதாது. துண்டு கொடுப்பவர், ஆயா, லொறி டிரைவர், அந்த அம்மா. பெயரும் போன் நம்பரும்.