சந்தனமும் கிருஷ்ணாயிலும்

காலையில் வீட்டில் ஒரு சின்ன சண்டை. காரணம், பாத்ரூமில் புதிதாக முளைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.

"இனிமே எல்லாருக்கும் பாடி வாஷ்தான். கட்டி சோப்பு குழகுழன்னு டப்பா பூரா ஒட்டிக்குது. யார் கழுவறது?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்விதான். ஆனால் பாருங்கள், எனக்கு சிகரெட் கிடையாது. பாக்கு கிடையாது. இருக்கிற ஒரே ஆடம்பரம் சந்தன சோப்பு. அதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் எங்கே போவான்? "எனக்கு மட்டும் கட்டி சோப்பு. டப்பாவை நானே கழுவறேன்" என்று உடன்படிக்கை செய்துகொண்டு குளிக்கப் போனேன்.

'அப்படி என்னய்யா பெரிய சோப்பு?' என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருப்பத்தூர். ஜவ்வாது மலை அடிவாரம். மலையிலிருந்து வரும் சந்தன மரங்களைச் செதுக்கி, தரம் பிரித்து, ஏலம் விடுகிற வனத்துறை சந்தனக் கிடங்கு எங்கள் ஊரில்தான் இருக்கிறது. "உங்க ஊரே மணக்குமே சார்!" என்பார்கள் வெளியூர்க்காரர்கள். மணக்கும், மணக்கும். எங்கள் வீட்டில் மட்டும் மணந்தது கிருஷ்ணாயில்.

அப்பாவுக்குக் கூட்டுறவு மண்ணெண்ணெய் பங்க்கில் அளந்து ஊற்றுகிற வேலை. ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்திருக்கும். வேறு எதிலாவது கொண்டுபோய்க் கலந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று அரசாங்கம் செய்த ஏற்பாடு. பேரலில் பம்ப் அடித்து, அளவையில் பிடித்து, புனல் வைத்துக் கேன் கேனாக ஊற்றிவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வருவார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் வாசனை முன்னால் வந்து கதவைத் தட்டும். நகக்கண்ணில் லேசாக நீலம் இருக்கும்.

வீட்டில் சோப்பு விஷயத்தில், பழைய காலத்து ரயில் மாதிரி மூன்று வகுப்பு. அப்பாவுக்கு சிவப்பு லைஃபாய், மூன்றாம் வகுப்பு. எனக்கும் தங்கைக்கும் ஹமாம், இரண்டாம் வகுப்பு. அதையும் அம்மா நூல் போட்டு இரண்டாக அறுத்துத்தான் தருவாள். முதல் வகுப்பு, மைசூர் சாண்டல். அது பாத்ரூம் பக்கமே வராது. பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் படுத்திருக்கும். தீபாவளிக்கும், வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் மட்டும் தரிசனம்.

அம்மாவிடம் கேட்டால் கணக்கு சொல்வாள். "ஆறு மாசம் உள்ளே கிடந்தா புடவை மணக்கும். சோப்பும் ஈரம் வத்தி இறுகிடும். இறுகின சோப்பு சீக்கிரம் கரையாதுடா." ஒரே செலவுக்கு இரண்டு வரவு! மூன்று வருஷம் பி.காம். படித்தும் இப்படி ஓர் என்ட்ரியை நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்தவனின் அப்பா சந்தனக் கிடங்கில் வாட்ச்மேன். இரண்டு அப்பாக்களுக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவனுக்குப் பட்டப்பெயர் 'சந்தனம்'. எனக்கு 'கிருஷ்ணாயில்'. நான் பக்கத்தில் வந்தால், "டேய், யாரும் தீப்பெட்டி எடுக்காதீங்கடா!" என்று ஒருவன் கத்துவான். வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய?

அந்த வயசில் ஒரு முடிவுக்கு வந்தேன். மனுஷனுக்கு மதிப்பு படிப்பால் வருவதில்லை, சோப்பால் வருகிறது!

கல்லூரிக்குப் போனதும் நாலு பையன்களுக்கு டியூஷன் எடுத்தேன். முதல் மாதப் பணத்தில் வாங்கியது ஒரு மைசூர் சாண்டல். பெட்டியைப் பார்த்தாலே நகைக்கடையில் வாங்கியது மாதிரி இருக்கும். யானைத் தலையும் சிங்க உடம்புமாக அதில் ஒரு மிருகம். சரபம் என்று பெயர். கொஞ்ச நாளில் அந்த சோப்பின் ஜாதகமே எனக்கு அத்துப்படி.

கதை இதுதான். மைசூர் சமஸ்தானத்துச் சந்தனக் கட்டைகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கேதான் எண்ணெய் எடுப்பார்கள். 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. கப்பல் நின்றது. கட்டைகள் மலையாகக் குவிந்தன. மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் 'நாமே எண்ணெய் எடுத்தால் என்ன?' என்று 1916-ல் மைசூரில் தொழிற்சாலை வைத்தார்கள். எண்ணெய் வந்தது. எஸ்.ஜி. சாஸ்திரி என்கிற விஞ்ஞானியை லண்டனுக்கு அனுப்பி, சோப்பு செய்யும் வித்தையைக் கற்றுவரச் சொன்னார்கள். 1918-ல் சோப்பு வந்தது. சண்டை நடந்தது அங்கே. சோப்பு கிடைத்தது நமக்கு. 2006-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

சந்தன மரத்தின் குணமும் வேடிக்கையானது. அது தன் காலில் மட்டும் நிற்காது. பக்கத்து மரத்தின் வேரில் தன் வேரை வைத்து உறிஞ்சிக்கொண்டே வளரும். (பி.காம். முடிக்கும்வரை நானும் அப்படித்தான்!) மேலே இருக்கிற வெள்ளைக் கட்டையில் மணம் கிடையாது. உள்ளே வைரம் பாய்ந்த கட்டையில்தான் எண்ணெய். அதற்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இளம் மரத்தை வெட்டி மோந்து பார்க்கிற அவசரக்காரனுக்கு ஒன்றும் கிடைக்காது.

பி.காம். முடிந்ததும் சென்னைக்கு வந்தேன். தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் வாசம். ஒரு மாடிக்கு இரண்டு பாத்ரூம், இருபது பிரம்மச்சாரிகள். போர் தண்ணீர் பச்சை உப்பு. உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்ளும். நுரை வராது, வெள்ளை வெள்ளையாகத் திப்பிதான் வரும். பாதி சோப்பு தண்ணீரோடு சண்டை போட்டே செத்துப்போகும். மீதிப் பாதி?

அதைத்தான் சொல்ல வந்தேன். மீதிப் பாதியை மற்ற பத்தொன்பது பேரும் தேய்த்தார்கள்!

"மச்சி, ஒரு கை கொடுத்துட்டுத் தரேன்" என்று வாங்கிப் போனால், திரும்பி வருவது பழைய நாலணா சைஸில் இருக்கும். தேய்மானத்துக்கு இரண்டு முறை படித்திருக்கிறேன். வருஷா வருஷம் சமமாகக் கழிப்பது ஒன்று. குறைந்த மதிப்பில் சதவீதம் போட்டுக் கழிப்பது இன்னொன்று. மேன்ஷன் சோப்புத் தேய்மானம் இரண்டிலும் அடங்காது.

கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். புது சோப்பைப் பிரித்ததும் குண்டூசியால் அடையாளம் கீறிவைப்பது. எழுத்து மழுங்கியிருந்தால் எவனோ தொட்டிருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் மாடியில் இரண்டு செந்தில். பெயரை எழுதிப் பயனில்லை. இனிஷியலைக் கீறினேன். 'ப'. மூன்றே கோடு, சுலபம். இந்த ஆடிட்டிங் நன்றாகவே வேலை செய்தது.

2011-ல் ஒரு நாள் அப்பா போன் பண்ணினார்.

"சனிக்கிழமை வரேன்டா. உன் ஆபீசை ஒரு தடவை பார்க்கணும்னு ஆசையா இருக்கு."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏ.சி. ரூம். சென்ட் போட்ட மேனேஜர். பக்கத்து சீட்டில் இரண்டு பெண்கள். மூடிய அறைக்குள் அந்த வாசனை... ஏழு வருஷமாக நான் ஒளித்துவைத்திருந்த 'டேய் கிருஷ்ணாயில்' மறுபடியும் காதில் கேட்டது.

ஏலகிரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. நேராக மேன்ஷனுக்குக் கூட்டிவந்தேன். அன்றைக்கென்று வாங்கிவைத்திருந்த புது மைசூர் சாண்டலைப் பிரித்தேன். பழக்க தோஷத்தில் 'ப' கீறினேன். துண்டையும் சோப்பையும் நீட்டினேன்.

"குளிச்சிட்டுப் போலாம்பா. இந்த சோப்பைப் போடுங்க. கையை... நல்லா தேய்ங்க."

அந்தக் 'கையை' என்ற வார்த்தை வந்திருக்க வேண்டாம். அப்பா ஒரு விநாடி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனார்.

அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே நாலு பேர் வாளியோடு நின்று முணுமுணுத்தார்கள். கதவு திறந்தது. இரண்டு கையும் தோல் சிவந்து, தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. பிரஷ் போட்டுத் தேய்த்திருப்பார் போல. என் எதிரில் வந்து, இரண்டு உள்ளங்கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நகம் காட்டுகிற பையன் மாதிரி.

"இப்போ சரியாடா?"

"ம். நல்லா வாசனையா இருக்குப்பா" என்றேன். மோந்து பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.

ஆபீசில் மேனேஜர் எழுந்து வந்து கை கொடுத்தார். அப்பா கையைக் கொடுக்கவில்லை. இரண்டடி தள்ளி நின்று பெரிய கும்பிடாகப் போட்டார். "உங்க பையன் கணக்குல புலி சார்!" என்றார் மேனேஜர். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம் அங்கே இருந்த நேரம் முழுக்கக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். காபி வந்தது. "பழக்கமில்லீங்க" என்றார். ஒரு நாளைக்கு நாலு காபி குடிக்கிற மனுஷன்!

சாயங்காலம் ரயிலேற்றிவிட்டு ரூமுக்கு வந்தேன். சோப்பு டப்பாவைத் திறந்தேன்.

சோப்பு காய்ந்திருந்தது. 'ப' கீறினபடியே இருந்தது. ஒரு ஓரம்கூட மழுங்கவில்லை.

பாத்ரூம் மாடத்தில் ஒரு பாலிதீன் கவர் கிடந்தது. உள்ளே சிவப்பு லைஃபாய் சில்லு ஒன்று. ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்.

ராத்திரி போன் போட்டேன். "ஏம்பா அந்த சோப்பைப் போடலை?"

"புது சோப்புடா. இந்தக் கைக்கு எதுக்கு அது? அதோட எழுத்து வேற போட்டு வச்சிருந்தே. நான் தேச்சா அழிஞ்சிடுமேன்னு எடுக்கலை" என்றார், சாதாரணமாக.

போனை வைத்துவிட்டு அந்த சோப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 'ப'. யாருடைய எழுத்து அது? எனக்கு என் பெயர் செந்தில் மட்டும்தான். முன்னால் நிற்கிற எழுத்து அவருடையது. சர்டிபிகேட்டில், சம்பள ரசீதில், ஆபீஸ் மேஜைப் பலகையில் எல்லாம் அவரை முன்னால் நிறுத்திவிட்டு, நேரில் வந்தபோது மட்டும் கையைத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அழுக்கு போக்குவதில் சிவப்பு சோப்பும் சந்தன சோப்பும் செய்கிற வேலை ஒன்றுதான் என்று பிறகு படித்தேன். சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். இரண்டுமாகச் சேர்ந்து அழுக்கை இழுத்துக்கொண்டு போகும். வாசனை வெறும் உபரி. அதிலும் பெரும்பகுதி கடைசிச் சொம்புத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். பஸ் ஏறி ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் நம்மிடம் மிஞ்சுவது, சந்தன சோப்பு போட்டிருக்கிறோம் என்கிற நினைப்பு ஒன்றுதான். அந்த நினைப்புக்காகத் தாராளமாகப் போடுங்கள், தப்பில்லை. இன்னொருத்தர் கையில் திணிக்காதீர்கள்.

அப்பா ரிடையராகிவிட்டார். வீட்டுக்கு வீடு கேஸ் வந்து, அந்த பங்க்கில் வரிசையும் போய்விட்டது. அவர் கையில் இப்போது எந்த வாசனையும் கிடையாது. எனக்குத்தான் அது சில நாள் வேண்டியிருக்கிறது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் மூன்று சோப்பு இருக்கிற பெட்டி ஒன்று வாங்கிப் போவேன். கையில் கொடுத்தால் பீரோவுக்குப் போய்விடும். அதனால் நானே பிரித்து, குண்டூசியால் 'ப' கீறி, பாத்ரூமில் வைத்துவிடுவேன். "உங்க எழுத்துதான்பா. தேய்ங்க."

போன பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். சோப்பு பாதி தேய்ந்திருந்தது. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. திருப்பிப் பிடித்துப் பின்பக்கமாகவே தேய்த்துக்கொண்டிருக்கிறார்!

இதையெல்லாம் மனைவியிடம் எப்படி விளக்குவது? நீங்களே சொல்லுங்கள், பாடி வாஷில் இனிஷியல் கீற முடியுமா?